எழுத்துருப் பெயர்ப்பும் உருமாற்ற விதிகளின் பண்புகளும்

ஈழத்து இணையப் பக்கங்களில் 'வௌிநாடு' என்னும் பிழைவடிவத்தை அடிக்கடி காண்கின்றோம். இதனைத் தட்டெழுதியவரின் கவனக்குறைவெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. பழைய எழுத்துருவிலிருந்து பெயர்க்கும் விதிகளே இதனைத் தோற்றுவிக்கவல்லன.

பாமினி முதலிய எழுத்துருக்கள் வரிவடிவத்தையே குறியீடாக்கின. அவற்றிற் கொம்பு முன்னும் எழுத்துப் பின்னுமாக நிற்கும். 1991 இல் வெளிவந்த ஒருங்குகுறியோ எழுத்தை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கின்றது. ஆகவே பெயர்ப்பென்பது ஒரு குறித்தொடரை இன்னொன்றாக மாற்றும் விதித்தொகுதியாகும்.

அத்தொகுதி என்றேனும் ஓய்வுறுமா? ஒவ்வொரு விதியும் பழைய குறிகளை உண்டு புதியவற்றை மட்டுமே ஈனுவதால், எஞ்சிய பழைய குறிகளின் தொகை படிதோறும் குறைகின்றது, எனவே ஓய்வுறும். இதில் ஐயமில்லை.

சிக்கல் விதிகளின் ஒழுங்கிலேயே உள்ளது. 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாக நிற்கின்றது. ககரத்தையும் காலையும் முதலில் இணைத்து 'கா' ஆக்கினாற் கொம்பு அநாதையாகிவிடும். மூன்றையும் ஒருங்கே எடுத்தாற் சரியான விடை கிட்டும். ஓய்வுறும் தொகுதியில், ஓரடியிற் பிரியும் வழிகள் யாவும் மீளச் சேருமாயின் எந்த ஒழுங்கும் ஒரே முடிவையே தரும் என 1942 இல் நியூமன் நிறுவினார். ஆதலின் விதிகள் ஒன்றன்மேலொன்று கவியும் இடங்களைச் சோதித்தாற் போதும். இங்கு அச்சோதனை தோற்கின்றது. நீண்ட தொடருக்கு முன்னுரிமை வழங்கியே நிலைமையைச் சமாளிக்கின்றனர்.

அம்முன்னுரிமையே 'வெளி'யைக் கெடுக்கின்றது. ஔகாரக் குறியின் பிற்பாதிக்கும் ளகரத்துக்கும் அவ்வெழுத்துருக்களில் ஒரே குறி. கொம்பு, வகரம், ளகரம் என்ற தொடரை விதி 'வௌ' என விழுங்க, இகரக்குறி அதன்மேல் ஏறிக்கொள்கின்றது. பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வருமாயின் அது ளகரமே என ஒரு நிபந்தனை சேர்த்தால் இப்பிழை நீங்கும். மற்றைய இடங்களிற் குறிகள் மட்டும் தீர்ப்பளிக்கா, அகராதியை நாடவேண்டும். இரு வேறு எழுத்துக்களை ஒரே தொடராக்கிய மாற்றத்துக்கு நேர்மாறு இல்லை என்பதே இதன் பொருள். நுட்பமான நிரலாக்கத்தால் இக்குறையை மறைக்கலாமேயன்றி நீக்க இயலாது.

இன்னொரு இழப்பும் உண்டு. பாமினி ஆங்கில எழுத்துக்களின் இடங்களையே பயன்படுத்தியதால், இடையில் வரும் ஆங்கிலச் சொல்லும் பெயர்ப்பிற் பொருளற்ற தமிழாகும். எப்பகுதி எவ்வெழுத்துருவில் இருந்தது என்ற செய்தி வெறும் உரையில் இல்லை. ஆதலால் ஆவணக் காப்பகங்கள் பெயர்த்த பிரதியோடு மூலக் கோப்பையும் அதன் எழுத்துருவையும் சேர்த்தே பேணவேண்டும் என்பது எமது நிலைப்பாடு.