வணரிப்பெட்டி வெற்றிட அமைப்பு

வணரிப்பெட்டி வெற்றிட அமைப்பு என்பது உள் எரி பொறி ஒன்றின் வணரிப்பெட்டியில் சேரும் வளிமத்தை வெளியே இழுத்து, அப்பெட்டியின் உள்ளழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தை விடக் குறைவாக வைத்திருக்கும் அமைப்பு ஆகும். வணரித்தண்டு சுழலும் இப்பெட்டி, வாகனப் பட்டறைகளில் கிராங்க்கேஸ் என்று அழைக்கப்படுகிறது. பந்தயக் கார்களில் இவ்வமைப்பிற்கெனத் தனிப் பம்பு பொருத்தப்படுவது உண்டு. விலை உயர்ந்த இப்பம்பிற்கு மாற்றாக, எளிதில் கிடைக்கும் உதிரிப்பாகங்களைக் கொண்டு குறைந்த செலவில் அமைப்பதும் வழக்கமே. எனினும் கையில் கிடைக்கும் எல்லாப் பம்புகளும் இதற்குப் பொருந்துவதில்லை. பொருந்தாத பம்பு பயன் தராததோடு பொறியையும் பழுதாக்கக் கூடும்.

தேவை

பெட்ரோல் எரியும்போது உருளையினுள் தோன்றும் உயரழுத்த வளிமத்தில் ஒரு சிறு பகுதி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே உள்ள வணரிப்பெட்டிக்குள் கசிகிறது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது "பேக் கம்ப்ரஷன்" எனப்படும். பொறி ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, புகை வருகிறதா என்று பார்த்து மெக்கானிக்குகள் இதை மதிப்பிடுவர். இக்கசிவு வளிமத்தில் எரியாத பெட்ரோல் ஆவி, நீராவி, எரிந்த புகை ஆகியன கலந்திருக்கும்.

இது வெளியேற வழியில்லாவிடில் பெட்டியின் அழுத்தம் உயர்ந்து, எண்ணெய் கேஸ்கெட் இணைப்புகள் வழியாகவும் ஆயில் சீல்கள் வழியாகவும் வெளியே தள்ளப்படும். எண்ணெயும் விரைவில் கெடும். எனவே எல்லாப் பொறிகளிலும் ஏதேனும் ஒரு காற்றோட்ட வழி இருக்கும். வெற்றிட அமைப்பு இதற்கு ஒரு படி மேலே சென்று, பெட்டிக்குள் நிலையான தாழ்வழுத்தத்தை உருவாக்குகிறது. இதன் பயன்கள்:

* பிஸ்டன் வளையங்களின் மேலும் கீழும் உள்ள அழுத்த வேறுபாடு கூடுவதால் வளையங்கள் நன்கு படிகின்றன. பந்தயப் பொறிகளில் இறுக்கம் குறைந்த, உராய்வு குறைந்த வளையங்களைப் பயன்படுத்த இது இடம் தருகிறது.
* பெட்டியினுள் காற்றின் அடர்த்தி குறைவதால், சுழலும் வணரித்தண்டிற்கும் இறங்கும் பிஸ்டன்களுக்கும் எதிரான தடை குறைகிறது.
* எண்ணெய்க் கசிவு குறைகிறது.

இப்பயன்கள் அதிவேகச் சுழற்சியிலேயே புலப்படும். சாலையில் ஓடும் சாதாரணக் காரில் ஆற்றல் உயர்வு மிகச் சிறிதாகவே இருக்கும்.

வரலாறு

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேருந்துகள், சரக்குந்துகள், கார்கள் ஆகியவற்றில் வணரிப்பெட்டியிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் திறந்த குழாய் ஒன்று பரவலாகப் பொருத்தப்பட்டது. வாகனம் ஓடும்போது குழாயின் நுனியைக் கடக்கும் காற்று உள்ளிருக்கும் வளிமத்தை இழுக்கும். வெளியேறும் வளிமத்திற்கு ஈடாகப் புதிய காற்று எண்ணெய் மூடியின் வலை வழியே உள்ளே வரும். இதில் இரு குறைகள் இருந்தன. வாகனம் நிற்கும்போது இழுவை இராது. தூசி மிகுந்த மண்சாலைகளில் உள்ளே வரும் காற்றோடு புழுதியும் எண்ணெயில் சேரும். டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் மதுரையில் பேருந்துகளை இயக்கத் தொடங்கிய காலத்தில், இப்பகுதியின் சாலைகள் பெரும்பாலும் இத்தகையனவே.

இரண்டாம் உலகப்போரின்போது, ஆழமான நீரைக் கடக்கும் பீரங்கி வண்டிகளின் பொறிக்குள் நீர் புகாதிருக்க மூடிய காற்றோட்ட முறை உருவாக்கப்பட்டது. பின்னர் கலிபோர்னியாவில் புகைமூட்டம் பெருஞ்சிக்கலானபோது, எரியாத ஐதரோகார்பன்களில் கணிசமான பங்கு வணரிப்பெட்டியிலிருந்து வருவது கண்டறியப்பட்டது. இதன் விளைவாக, கசிவு வளிமத்தை மீண்டும் பொறிக்கே எரிக்க அனுப்பும் பிசிவி வால்வு 1961ஆம் ஆண்டு முதல் அங்கு விற்கப்பட்ட புதிய கார்களில் இடம்பெற்றது. சில ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் பரவியது. இன்று இந்தியாவில் ஓடும் பெட்ரோல் கார்களிலும் இம்முறையே உள்ளது.

எளிய எடுத்துக்காட்டு: புல்லட்

தமிழ்நாட்டில் பலரும் அறிந்த ஒரு வண்டியிலேயே செலவில்லாத வெற்றிட அமைப்பு இருந்தது. 1950களின் நடுப்பகுதி முதல் சென்னைக்கு அருகிலுள்ள திருவொற்றியூரில் உருவாக்கப்பட்ட என்ஃபீல்டு புல்லட்டின் பழைய வார்ப்பிரும்புப் பொறி ஒற்றை உருளை கொண்டது. 346 கன செ.மீ. கொள்ளளவுள்ள இதில், பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு முறையும் பெட்டியின் உட்பருமன் அதே அளவு குறைகிறது, ஏறும்போது கூடுகிறது. மூச்சுக்குழாயில் வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வு ஒன்று பொருத்தப்பட்டது. இது காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. எனவே பிஸ்டன் தானே ஒரு பம்பாக இயங்கி, பெட்டியில் ஓரளவு தாழ்வழுத்தத்தை உண்டாக்குகிறது. இந்த ரப்பர் இறுகியோ கிழிந்தோ போனால், நல்ல நிலையில் உள்ள பொறியிலும் இணைப்புகளில் எண்ணெய் கசியத் தொடங்கும்.

கார்ப் பொறிக்கு இம்முறை பயன்படாது. நான்கு உருளைப் பொறியில் இரண்டு பிஸ்டன்கள் இறங்கும்போது மற்ற இரண்டும் ஏறுகின்றன. மாருதி 800 போன்ற மூன்று உருளைப் பொறியில் பிஸ்டன்கள் 120 பாகை இடைவெளியில் இயங்குகின்றன. இரண்டிலும் பெட்டியின் மொத்தப் பருமன் ஏறக்குறைய மாறாதிருப்பதால், ஒருவழி வால்வை மட்டும் வைத்து வெற்றிடம் பெற இயலாது. இழுவைக்கு வேறு மூலம் தேவை.

இழுவை மூலங்கள்

உள்ளெடுப்புக் குழாய்: பிசிவி வால்வு பயன்படுத்தும் மூலம் இது. பொறி மெதுவாக ஓடும்போது உள்ளெடுப்புக் குழாயில் நல்ல வெற்றிடம் இருக்கும். ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தால் அது ஏறக்குறைய மறைந்துவிடும். கசிவு வளிமம் மிகுவதும் அப்போதுதான். எனவே பந்தயத் தேவைக்கு இது போதாது.

வெளியேற்று குழாய்: புகைக்குழாயில் சாய்வாக ஒரு சிறு குழாயைப் பற்றவைத்து, ஒருவழி வால்வு வழியாக வணரிப்பெட்டியுடன் இணைப்பது மிக மலிவான முறை ஆகும். விரைந்து செல்லும் புகை வளிமத்தை இழுக்கிறது. சைலன்சரும் வினையூக்கி மாற்றியும் உள்ள காரில் புகைக்குழாயின் பின்னழுத்தம் இவ்விழுவையை அழித்துவிடும். திறந்த குழாய் கொண்ட பந்தயக் காரில் மட்டுமே இது பயன் தரும். ஒருவழி வால்வு பழுதானால் சூடான புகை எண்ணெய்ப் பெட்டிக்குள் திரும்பும் என்பது இதன் பெருங்குறை.

பம்பு: பொறியின் வார்ப்பட்டையால் சுழற்றப்படும் பம்பு, ஆக்சிலரேட்டரின் நிலையைச் சாராமல் இழுக்க வல்லது.

பம்பின் அளவு

பம்பு வெளியேற்ற வேண்டிய அளவைத் தோராயமாகக் கணக்கிடலாம். 1300 கன செ.மீ. நான்கு அடிப்புப் பொறி ஒன்று நிமிடத்திற்கு 6000 சுற்றுகள் ஓடினால், அதிகபட்சம் 1.3 × 3000 = 3900 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். இதில் 1 விழுக்காடு கசிவதாகக் கொண்டால் நிமிடத்திற்கு 39 லிட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்திலுள்ள மதுரையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். பெட்டியின் அழுத்தத்தை 67 கிலோபாஸ்கலாகக் குறைத்தால் அதே வளிமம் ஒன்றரை மடங்கு விரியும். ஆகவே பம்பு நிமிடத்திற்குச் சுமார் 58 லிட்டரைக் கையாள வேண்டும். வளிமத்தின் வெப்பத்தையும், சீல்கள் வழியே நுழையும் காற்றையும் சேர்த்தால் இதைப் போல் இருமடங்கு திறன் தேவைப்படும்.

பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும் பம்புகளை இக்கணக்கோடு ஒப்பிடலாம்.

* குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரஸர்: நல்ல வெற்றிடம் தரும். ஆனால் வீட்டுப் பெட்டிகளில் உள்ளவை மிகக் குறைந்த அளவு காற்றையே இழுப்பவை.
* மின்சார பிரேக் வெற்றிடப் பம்பு: விட்டுவிட்டு இயங்க வடிவமைக்கப்பட்டது. தொடர்ந்து இயங்கினால் சூடேறிப் பழுதாகும். எண்ணெய் ஆவியையும் தாங்காது.
* டீசல் வாகனத்தின் ஆல்டர்னேட்டர் வெற்றிடப் பம்பு: டீசல் பொறியின் உள்ளெடுப்புக் குழாயில் போதிய வெற்றிடம் இராததால், பிரேக் பூஸ்டருக்காக ஆல்டர்னேட்டரின் பின்புறம் இப்பம்பு பொருத்தப்படுகிறது. தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைப்பது இதுவே. ஆனால் இது பொறி எண்ணெயால் உயவூட்டப்பட்டு, தான் இழுத்த காற்றை எண்ணெயுடன் சேர்த்து வணரிப்பெட்டிக்கே திருப்பி அனுப்புகிறது. அப்படியே இணைத்தால் பெட்டியிலிருந்து இழுத்தது பெட்டிக்கே திரும்பும், வெற்றிடம் உருவாகாது. வெளியேற்றத்தைத் தனிக்கலத்திற்கு மாற்றினால், அதனுடன் வெளியேறும் எண்ணெயைப் பிரித்துத் திருப்ப வேறு வழி செய்ய வேண்டும். மேலும், டீசல் பொறியை விட வேகமாகச் சுழலும் பெட்ரோல் பொறியில் பம்பு தன் வேக எல்லையை மீறாதவாறு பெரிய கப்பி பொருத்த வேண்டும்.
* புகைக்குறைப்புக் காற்றுப் பம்பு: அமெரிக்கக் கார்களில் புகைக்குழாய்க்குள் காற்றைச் செலுத்தப் பயன்பட்ட இப்பம்பையே அந்நாட்டு எளிய பந்தயக்காரர்கள் மாற்றிப் பயன்படுத்தினர். இந்தியக் கார்களில் இது பரவலாக இடம்பெறவில்லை.

அமைக்கும் முறை

1. முதலில் பொறியின் நிலையை அறிய வேண்டும். உருளைகளின் அழுத்தச் சோதனையில் தேய்மானம் தெரிந்தால் வளையங்களை மாற்றுவதே தீர்வு. வெற்றிட அமைப்பு தேய்ந்த வளையங்களுக்கு மருந்தன்று.
2. எண்ணெய் அளவுகோல், எண்ணெய் மூடி, வால்வு மூடியின் கேஸ்கெட் ஆகியவற்றைக் காற்றுப் புகாதவாறு அடைக்க வேண்டும். பிசிவி அமைப்பின் புதுக்காற்று வழியையும் அடைக்க வேண்டும்.
3. இழுப்புக் குழாயை வால்வு மூடியில், எண்ணெய் தெறிக்காத இடத்தில், உட்புறத் தடுப்புத் தகட்டுடன் இணைக்க வேண்டும்.
4. பம்பின் வெளியேற்றத்தை எண்ணெய்ப் பிடிகலத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். வணரிப்பெட்டி திறந்த வகையில் மூச்சுவிடும் கார்களுக்கு, 2000 கன செ.மீ. வரையான பொறி எனில் 2 லிட்டரும், அதற்கு மேற்பட்டதெனில் 3 லிட்டரும் கொள்ளும் பிடிகலத்தைப் பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் விதிகள் கோருகின்றன.
5. குழாய்கள் எண்ணெயைத் தாங்குபவையாகவும், வெற்றிடத்தில் ஒட்டிக்கொள்ளாதபடி உள்ளே கம்பிச்சுருள் உடையவையாகவும் இருக்க வேண்டும். சாதாரணத் தண்ணீர்க் குழாய் பொருந்தாது.
6. வெற்றிடம் வரம்பை மீறும்போது காற்றை உள்ளே விடும் விடுவிப்பு வால்வு கட்டாயம் தேவை. அதன் வாயில் காற்று வடிகட்டி இருக்க வேண்டும். வெற்றிட அளவியை எண்ணெய் அளவுகோலின் குழாயில் இணைத்து, குறைந்த வேகத்திலிருந்து படிப்படியாகச் சோதிக்கலாம்.

வரம்புகளும் ஆபத்துகளும்

அடித்தட்டிலேயே எண்ணெய் தேங்கும் சாதாரணப் பொறியில், வெற்றிடத்தைச் சுமார் 30 முதல் 40 கிலோபாஸ்கலுக்குள் நிறுத்திக்கொள்வதே பொதுவான நடைமுறை. அதற்கு மேல் சென்றால் எண்ணெய்ப் பம்பு தன் இழுவையை இழந்து எண்ணெய் அழுத்தம் குறையலாம். பிஸ்டன் ஊசிகளுக்குத் தெறிப்பு முறையில் கிடைக்கும் எண்ணெயும் குறையும். இதைவிட உயர்ந்த வெற்றிடம், தனி எண்ணெய்த் தொட்டியும் பிஸ்டன் ஊசிகளுக்கு எண்ணெய்த் தாரையும் உடைய பந்தயப் பொறிகளுக்கே உரியது.

ஆயில் சீல்களின் உதடு உள்ளிருக்கும் எண்ணெயைத் தடுக்குமாறு உட்புறம் நோக்கி அமைந்தது. உள்ளே வெற்றிடம் கூடும்போது உதடு விலகி வெளிக்காற்று நுழையலாம். இக்காற்று எந்த வடிகட்டியையும் கடந்து வருவதில்லை. கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டும் மதுரைச் சமவெளியில், வறண்ட வயல்களையும் கண்மாய்க் கரைகளையும் ஒட்டிய சாலைகளின் புழுதி இவ்வழியே எண்ணெயில் சேர்ந்து பேரிங்குகளைத் தேய்க்கும். பழைய திறந்த குழாய் முறையின் அதே குறை, இங்கு வேறு வழியில் திரும்புகிறது எனலாம். வெப்பத்தில் இறுகிய பழைய சீல்களை முன்னரே மாற்றுவது செலவைக் கூட்டினாலும் தவிர்க்கக் கூடாதது.

சட்ட நிலை

இந்தியாவின் பாரத் நிலை மாசு விதிகளின்படி, பெட்ரோல் காரின் வணரிப்பெட்டி வளிமம் வெளிக்காற்றில் கலக்கக் கூடாது. பிசிவி வால்வை நீக்கிப் பிடிகலம் வழியே வெளியே விடும் அமைப்பு இதற்கு முரணானது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடுமாறு வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எனவே இவ்வமைப்பு மூடிய ஓட்டத்தடங்களில் ஓடும் கார்களுக்கே பொருந்தும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டை ஆகிய இடங்களில் இத்தகைய தடங்கள் உள்ளன. மதுரையிலிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவிலுள்ள கோயம்புத்தூருக்குச் சாலை வழியே ஓட்டிச் செல்லும் காரில் தயாரிப்பாளர் பொருத்திய பிசிவி அமைப்பே இருக்க வேண்டும். இல்லையேல் காரைச் சரக்குந்தில் ஏற்றிச் செல்ல வேண்டும்.

மலிவான பொறியைக் கொண்டு பந்தயம் ஓட்டுவது தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த சு. கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800 பொறியைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். அத்தகைய ஒரே வகைப் பொறிப் போட்டிகளில் மாற்றங்களுக்கு விதிகள் கடும் வரம்பு விதிப்பது வழக்கம் என்பதால், போட்டி விதிகளைப் படித்த பின்னரே இவ்வமைப்பிற்குச் செலவிட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* பிஸ்டன்
* வணரித்தண்டு
* வெற்றிடம்
* உயவு எண்ணெய்
* தானுந்துப் பந்தயம்