‘இல்லை’ என்று கணினி சொன்னால் நம்பலாமா?



என் வகுப்பில் படிவம் 2 மாணவன் ஒருவன், கட்டுரைப் பயிற்சிக்காகத் திருக்குறள் கோப்பில் ‘கல்வி’ என்ற சொல்லைத் தேடினான். சில இடங்களே கிடைத்தன. “வள்ளுவர் கல்வியைப் பற்றி அதிகம் பேசவில்லை, டீச்சர்” என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். அவன் எங்கே தவறினான்?

நீங்களே தேடிப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அங்கிருந்து திருக்குறளை எடுத்து, வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமியுங்கள். லினக்ஸ் அல்லது மேக் கணினியின் கட்டளைத் திரையில் ‘லெஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் நூல் திறக்கும்.

இடைவெளி விசை அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போகும். ‘பி’ விசை முந்திய பக்கத்துக்குத் திருப்பும். சிறிய ‘ஜி’ கோப்பின் தலைக்கும், பெரிய ‘ஜி’ கடைசிக்கும் தாவும். தேடுவதற்கு / குறியைத் தட்டி, சொல்லை எழுதி, எண்டர் விசையை அழுத்துங்கள். சிறிய ‘என்’ அடுத்த இடத்தையும், பெரிய ‘என்’ முந்திய இடத்தையும் காட்டும். வெளியேற ‘கியூ’.

இப்போது ‘கல்வி’யைத் தேடுங்கள். கல்வி அதிகாரத்தின் 10 குறள்களில் 398, 400 ஆகிய இரண்டில்தான் அச்சொல் வருகிறது. ‘கற்’ என்று தேடினாலோ 6 குறள்கள் கிடைக்கும்! காரணம் என்ன? கணினிக்குப் பொருள் தெரியாது. எண் மட்டுமே தெரியும். யூனிகோடு முறையில் க 2965, ல 2994, ற 2993, புள்ளி 3021. ‘கல்’ என்பது 2965, 2994, 3021. ‘கற்’ என்பது 2965, 2993, 3021. ஓர் எண் மாறினாலும் கணினிக்கு அது வேறு சொல்தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ‘கல்’ என்று மட்டும் தேடினால் ‘இகல்’ என்ற சொல்லும் வந்து நிற்கும். இகல் என்றால் பகை! அதன் கடைசி மூன்று எண்களும் அதே எண்கள்தாமே.

ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்த தாத்தா பாட்டி இருந்தால், பெரட்டைப் பற்றிக் கேளுங்கள். கிராணி செக்ரோலைப் பார்த்து ‘ராமன்’ என்று கூப்பிட்டால் ராமன்தான் குரல் கொடுப்பார். கணினி கூப்பிட்டால் ஜெயராமனும் சீதாராமனும் சேர்ந்தே வந்து நிற்பார்கள்!

இன்னொரு கண்ணி. / குறி, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து முன்னோக்கித்தான் தேடும். கோப்பின் நடுவில் நின்று தேடினால், மேலே இருப்பது அகப்படாது. ஆகவே முதலில் சிறிய ‘ஜி’யைத் தட்டித் தலைக்குப் போய்விடுங்கள்.

இனி உங்களுக்கு ஒரு சோதனை. திருக்குறளில் ‘தமிழ்’ என்ற சொல்லே இல்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதைத் தேடுங்கள். கோப்பின் முன்குறிப்பில் அகப்பட்டால் அது கணக்கில் சேராது. குறளுக்குள் வருகிறதா என்று பாருங்கள். ‘கிடைக்கவில்லை’ என்று வந்தால் உடனே முடிவு கட்டாதீர்கள். அடுத்து ‘அமிழ்’ என்று தேடுங்கள். அமிழ்தம் நூலில் இருப்பது நமக்குத் தெரியும். அது அகப்பட்டால் கோப்பும் எழுத்துமுறையும் சரி, தேடலும் வேலை செய்கிறது என்று பொருள். அதுவும் அகப்படாவிட்டால் கோளாறு நம் தேடலில்தான், வள்ளுவரிடம் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் இதைக் கட்டுப்பாட்டுச் சோதனை என்போம். ‘இல்லை’ என்று எழுதும் முன், ‘இருக்கிறது’ என்று தெரிந்த ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்த மாணவன் கட்டுரையைத் திருத்தி எழுதினான். இந்த முறை ‘கற்’, ‘கல்லா’, ‘கல்வி’ மூன்றையும் தேடியிருந்தான்.