காய்ச்சல் அடித்தால் ரத்தத்தில் எகிறும் மனநோய் மாத்திரை!

"காய்ச்சல் அசதிதானே, தூங்கட்டும் விடு!"

வீடுகளில் சாதாரணமாகச் சொல்லும் பேச்சு இது. ஆனால் படுத்திருப்பவர் குளோசபின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அந்தத் தூக்கமே ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம்!

மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கப்படுவது குளோசபின். தினமும் அதே மாத்திரை, அதே அளவு. ஒன்றுகூட கூடுதலாக விழுங்கவில்லை. அப்படியிருந்தும் நிமோனியா போன்ற கடும் தொற்று வந்தால், ரத்தத்தில் மருந்தின் அளவு இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட ஏறிவிடுகிறது.

எப்படி ஏறுகிறது?

இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்ற கல்லீரலில் ஒரு என்சைம் இருக்கிறது. கிருமியோடு உடம்பு மல்லுக்கட்டும்போது சுரக்கும் சில பொருள்கள் அந்த என்சைமை மந்தமாக்கிவிடுகின்றன. வரத்து குறையவில்லை, விற்பனை மட்டும் படுத்துவிட்டது என்றால் கடையில் என்ன ஆகும்? சரக்கு தேங்கும். அதே கதைதான்.

சிகரெட் புகை இந்த என்சைமை முடுக்கிவிடும். தினம் ஒரு பாக்கெட் ஊதியவர் ஆஸ்பத்திரியில் படுத்து, சட்டென்று நிறுத்தினால் அதனாலும் மருந்து அளவு ஏறும். காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்! (சிகரெட்டை விடுவது நல்லதுதான். டாக்டரிடம் சொல்லிவிட்டு விடணும்.)

11 குழந்தைகள்

1980ல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் இன்புளூயன்சா பரவியது. ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் சாப்பிட்டு வந்த 11 குழந்தைகளுக்கு, வழக்கமான மருந்தே விஷமாக மாறியது. தியோபிலினும் இதே என்சைமை நம்பியிருக்கும் மருந்துதான்.

கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு குளோசபின் அளவு ஏறி அவதிப்பட்ட நோயாளி பற்றி 2021ல் கனடா டாக்டர்கள் எழுதினார்கள். அதற்காக ஊசிக்குப் பயந்து ஒளிவது புத்திசாலித்தனம் அல்ல. ஊசியால் ஏறுவது பெரும்பாலும் கொஞ்சம்தான், சில நாள்தான். நோயே வந்தால் ஏறுவது அதிகம்.

கவனிக்க வேண்டியவை

எச்சில் வழிதல், நாக்குழறல், தள்ளாட்டம், எழுப்பினாலும் எழாத தூக்கம். முற்றினால் வலிப்பு! 2020 ஆகஸ்டில் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே, கடும் தொற்று வந்தால் ரத்தத்தில் குளோசபின் அளவைப் பார்க்கும்படி டாக்டர்களுக்குச் சொன்னது.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி வேறு, வினை ஒன்றுதான். அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. காய்ச்சல், வாந்தி, பேதியில் நீரும் உப்பும் வற்றினால் ரத்தத்தில் தங்கிவிடும்.

பயந்துபோய் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தப்பு. குளோசபினை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டால், மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காய்ச்சலுக்குப் பார்க்கும் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டணும். "மனநோய் மாத்திரைன்னு தெரிஞ்சா என்ன நினைப்பாங்களோ" என்று பலர் மறைக்கிறார்கள். குளோசபினால் ரத்த வெள்ளை அணுக்கள் குறைந்தாலும் காய்ச்சல் வரும். அதனால் அந்த டெஸ்ட்டும் சேர்த்து எடுக்கணும்.

காய்ச்சல் இறங்கினால் மருந்து அளவும் இறங்கும். டாக்டர் குறைத்த மாத்திரையைப் பழையபடி கூட்ட, மறுபடி அவரிடமே போகணும்.