வானத்தில் ஓர் ஊர்



மாலையில் தொலைக்காட்சியின் முன் அமரும் சிறுவர் சிறுமியர், மறுநாள் பள்ளிக்கு வந்ததும் கேட்கும் கேள்விகள் பல. விண்வெளியில் ஊர் அமைத்து மக்கள் வாழும் கதைகளைக் கண்டுவிட்டால், “ஐயா, இது உண்மையா?” என்பதே முதற் கேள்வியாக இருக்கும். “அதெல்லாம் வெறுங்கதை” என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அது முழு விடையாகாது. அக்கதைகளில் பொய்யும் உண்டு, மெய்யும் உண்டு. இரண்டையும் பிரித்தறியக் கற்பதே கல்வியின் பயன். ஆகவே, விண்வெளி நிலையத்தைக் களமாகக் கொண்ட ஒரு தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொண்டு, அதில் கற்பனை எவ்வளவு, விஞ்ஞானம் எவ்வளவு, நம் வாழ்வுக்கு உதவும் பாடம் எவ்வளவு என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தொடரின் கதை

அத்தொடரின் பெயர் ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ என்பதாகும். அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தொடங்கி, 1999-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் வரை ஏழு பருவங்களாக அது ஒளிபரப்பாயிற்று. கதை நிகழும் காலம் 24-ஆம் நூற்றாண்டு.

பஜோர் என்னும் கோளின் மக்களைக் கார்டாசியர் என்னும் அந்நியர் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அடக்கி ஆண்டனர். அவ்வந்நியர் விண்வெளியில் ஒரு பெரிய நிலையத்தை நிறுவி, பஜோர் மக்களை அங்குக் கொண்டுபோய், தாதுப்பொருள்களைப் பிரித்தெடுக்கும் கடும்பணியில் வலுக்கட்டாயமாக ஈடுபடுத்தினர். இறுதியில் அந்நியர் வெளியேறினர். உழைத்தவர் கண்ணீர் சிந்திய அதே இடம், பல இனத்தாரும் கூடி வாழும் ஊராக மாறுகின்றது. அதற்குத் தலைவராக வருபவர் பெஞ்சமின் சிஸ்கோ. மனைவியை இழந்த அவர், தம் மகன் ஜேக்கை அந்நிலையத்திலேயே வளர்க்கின்றார். கறுப்பின நடிகரான ஏவரி புரூக்ஸ் அப்பாத்திரத்தை ஏற்று நடித்தார்.

1877-ஆம் ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்ட ஒரு சில கன்றுகளிலிருந்து பெருகிய ரப்பர்த் தோட்டங்களில், பிறர் இலாபத்துக்காக விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டியவர்களின் வழிவந்தோர் நாம். தம்முடையதல்லாத இடத்தைத் தம் உழைப்பால் ஊராக்கிய மக்களின் கதை நமக்குப் புதிதாகத் தோன்றாது.

எது பொய்? எது மெய்?

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். அத்தொடரில் மக்கள் நம்மைப் போலவே தரையில் நடக்கின்றனர். உண்மையான விண்வெளி நிலையத்திலோ மனிதர் மிதக்கின்றனர். இது ஏன்?

“அவ்வளவு உயரத்தில் பூமியின் ஈர்ப்பு இல்லை” என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அனைத்துலக விண்வெளி நிலையம் நமக்கு மேல் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருகின்றது. ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் சென்று திரும்பும் தூரமே அது! அங்கும் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இருக்கின்றது.

அப்படியாயின் மிதப்பது எவ்வாறு? ஈப்போவைச் சூழ்ந்துள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் ஒன்றின் மீது நின்று ஒரு கல்லை எறிவதாக வைத்துக்கொள்வோம். மெதுவாக எறிந்தால் அருகில் விழும். விரைவாக எறிந்தால் தொலைவில் விழும். காற்றில்லாத உயரத்திலிருந்து, நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் யாதாகும்? கல் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் பூமி உருண்டை வடிவானதாகையால், கல் விழும் அளவுக்குத் தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகும். கல் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றத் தொடங்கிவிடும். விண்வெளி நிலையமும், அதில் உள்ள மனிதரும், அவர்தம் உணவுப் பொட்டலமும் ஒன்றாக விழுந்துகொண்டிருக்கின்றனர். ஒன்றாக விழுவதால், ஒன்றன் மீது ஒன்று அழுந்துவதில்லை. அதுவே மிதத்தல்.

நிலையத்தில் நடக்க வழியே இல்லையா? உண்டு. தண்ணீர் நிறைந்த வாளியைக் கையில் பிடித்து வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். வாளி தலைகீழாக வரும்போதும் தண்ணீர் சிந்துவதில்லை. வாளியின் அடிப்பக்கத்திலேயே ஒட்டி நிற்கும். அவ்வாறே, நிலையத்தைப் பெரிய சக்கரமாகக் கட்டிச் சுழலவிட்டால், அதன் உட்புற விளிம்பில் இருப்போர் தரையில் நிற்பது போல் நிற்கலாம். 225 மீட்டர் ஆரமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு இரண்டு முறை சுழன்றால், பூமியில் நாம் உணரும் எடையையே அங்கும் உணரலாம் என்பது கணக்கு. 1993-இல் முதன்முதலாக வெளிவந்த ‘பாபிலோன் 5’ என்னும் மற்றொரு தொடரில், நிலையம் இவ்வாறே சுழல்வதாகக் காட்டினர். அது விஞ்ஞானத்துக்கு ஒத்த கற்பனை. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரிலோ, தரைக்கடியில் உள்ள ஏதோ ஓர் இயந்திரம் ஈர்ப்பை உண்டாக்குவதாகக் கொள்கின்றனர். அத்தகைய இயந்திரம் எதுவும் இன்றளவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

விண்கலங்கள் வெடிக்கும்போது பேரோசை கேட்பதாகக் காட்டுவதும் பொய்யே. ஒலி செல்லக் காற்று போன்ற ஓர் ஊடகம் வேண்டும். விண்வெளியில் அது இல்லை. நெடுந்தொலைவை நொடியில் கடக்க உதவும் ‘புழுத்துளை’ ஒன்றும் அத்தொடரில் வருகின்றது. 1935-ஆம் ஆண்டு ஐன்ஸ்டைனும் ரோசனும் எழுதிய கணிதக் கருத்தில் அதற்கு வேர் உண்டு. எனினும் மெய்யான புழுத்துளையை எவரும் கண்டதில்லை.

மெய்யான நிலையங்கள்

கற்பனை முன்னே சென்றது. விஞ்ஞானம் பின்னே வந்தது. விண்ணில் மனிதர் வாழும் நிலையத்தைப் பற்றி எட்வர்டு எவரெட் ஹேல் என்னும் அமெரிக்கர் 1869-ஆம் ஆண்டிலேயே ‘செங்கல் நிலா’ என்ற கதையை எழுதினார். நூறாண்டுகளுக்குப் பின், 1971-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், சோவியத் நாடு ‘சல்யூட் 1’ என்னும் முதல் நிலையத்தை விண்ணில் ஏவியது. அதில் 23 நாள் தங்கிய முதற் குழுவினர் மூவர், திரும்பும் வழியில் கலத்தின் காற்று வெளியேறியதால் உயிர் நீத்தனர். அறிவின் பாதையில் உயிர்த் தியாகமும் உண்டென்பதை நாம் மறத்தலாகாது.

1984-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இந்திய விமானப் படை வீரர் ராகேஷ் சர்மா ‘சல்யூட் 7’ நிலையத்தில் தங்கினார். விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியர் அவரே. 2025-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சுபான்சு சுக்லா, அனைத்துலக நிலையத்தை அடைந்த முதல் இந்தியரானார்.

அனைத்துலக விண்வெளி நிலையத்தின் முதற் பகுதி 1998-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் ஏவப்பட்டது. அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பிய நாடுகள், ஜப்பான், கனடா ஆகியவை கூடிக் கட்டிய அதன் நீளம் 109 மீட்டர். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுவதால், அங்கிருப்போர் ஒரு நாளில் பதினாறு முறை சூரிய உதயத்தைக் காண்கின்றனர். 2000-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் முதல் அந்நிலையத்தில் மனிதர் இல்லாத நாளே இல்லை.

அங்கு வாழ்வது எளிதன்று. எடையின்மையால் எலும்பும் தசையும் நலிவுறும். அதனைத் தடுக்க நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கின்றனர். ஒரு சொட்டு நீரும் வீணாவதில்லை. வியர்வையும் சிறுநீரும் தூய்மை செய்யப்பட்டு மீண்டும் குடிநீராகின்றன. நூற்றுக்கு 98 பங்கு நீரை இவ்வாறு மீட்கும் நிலையை 2023-ஆம் ஆண்டில் எட்டினர். குழாயைத் திறந்துவிட்டு விளையாடப் போகும் நம் மாணவமணிகள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

நம் நாட்டவர்

அந்நிலையத்துக்கு நம் நாட்டவரும் சென்றார். ரஷ்யாவிடமிருந்து போர் விமானங்கள் வாங்கிய ஒப்பந்தத்தின் வழியாக மலேசியாவுக்கு அவ்வாய்ப்புக் கிட்டியது. விண்ணப்பித்தவர்கள் 11,000-க்கும் மேற்பட்டோர். பல கட்டத் தேர்வுகளுக்குப் பின் எஞ்சியவர் நால்வர். அவர்களுள் ஒருவரான எலும்பு மருத்துவர் ஷேக் முஸாபார் சுக்கோர், 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் கசகஸ்தானில் உள்ள பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டார். நோன்புக் காலத்தில் சென்ற அவர், நோன்புப் பெருநாளை விண்ணிலேயே கொண்டாடினார். புற்றுநோய் அணுக்கள் பற்றிய ஆய்வுகளை நடத்திவிட்டு, அக்டோபர் 21-ஆம் நாள் நலமுடன் திரும்பினார்.

இறுதி நால்வரில் பெண் ஒருவரே இருந்தார். அவர் பொறியியலாளர் வனஜா சிவா. ஆயிரக்கணக்கானோரில் நால்வருள் ஒருவராக நின்றவர் நம் இனத்துப் பெண்மணி என்பதை, நம் பள்ளிச் சிறுமியர் அனைவரும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். விண்ணுக்குச் செல்லாவிடினும், அவர் அடைந்த இடம் சிறிதன்று. “பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு?” என்று கேட்போர் இன்னும் எங்கேனும் இருப்பாராயின், அவர்களுக்கு இதுவே விடை.

நிலையத்துப் பள்ளி

மீண்டும் தொடருக்கு வருவோம். அந்நிலையத்தில் வாழும் பிள்ளைகளுக்காகக் கெய்க்கோ என்னும் பெண்மணி ஒரு சிறு பள்ளியைத் தொடங்குகின்றார். பல இனப் பிள்ளைகளும் அங்கு ஒரே வகுப்பில் பயில்கின்றனர். பின்னர்ப் போர் அச்சம் சூழ, குடும்பங்கள் ஒவ்வொன்றாக நிலையத்தை விட்டு வெளியேறுகின்றன. மாணவர் தொகை அருகி, மூன்றாம் பருவத்தில் அப்பள்ளி மூடப்படுகின்றது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபின், தோட்டப் பள்ளிகள் எவ்வாறு மெலிந்தன என்பதை நேரில் கண்டவர்கள் நம் பேராக் மக்கள். ஒரு தொலைக்காட்சிக் கதையில் அதே காட்சியைக் காணும்போது நெஞ்சம் கனப்பது இயல்பே.

ஆயினும் அக்கதை அத்துடன் முடியவில்லை. நோக் என்னும் சிறுவன் ஒருவன் அங்கு இருக்கின்றான். அவன் தந்தை ரோம், ஒரு மதுக்கடையில் கூலி வேலை செய்பவர். இயந்திர நுட்பத்தில் தேர்ந்தவராயினும், தம் திறமைக்கு ஏற்ற வாய்ப்பைப் பெறாதவர். பெரியவர்களின் பேச்சுக்கு அஞ்சி அவர் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகின்றார். நோக்குக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாது. அப்போது அவனுக்கு மறைவாகப் படிக்கக் கற்றுக்கொடுப்பவன் யார்? தலைவரின் மகனும் அவன் தோழனுமான ஜேக்! சில ஆண்டுகளுக்குப் பின் நோக், தலைவர் சிஸ்கோவிடம் சென்று விண்படைக் கல்லூரியில் சேரப் பரிந்துரை கேட்கின்றான். திறமை இருந்தும் வாய்ப்பின்றிப் போன தன் தந்தையைப் போல் தானும் ஆகிவிடக்கூடாது என்று மனம் திறந்து கூறுகின்றான். கல்லூரியில் சேர்ந்து அதிகாரியாகவும் உயர்கின்றான். தந்தையும் சும்மா இருக்கவில்லை. உடன் வேலை செய்வோரைத் திரட்டித் தொழிற்சங்கம் அமைக்கின்றார். பின்னர் அக்கடையை விட்டு நிலையத்தின் பழுதுபார்க்கும் தொழில் நுட்பப் பணியில் சேர்கின்றார்.

முடிவுரை

அந்நிலையமும் புழுத்துளையும் கற்பனையே. ஆனால் படிக்கத் தெரிந்த பிள்ளை படிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தால், ஒரு குடும்பத்தின் வாழ்வே மாறும் என்பது கற்பனையன்று. பெற்றோர்களே! எத்துணை இடர் வரினும் பிள்ளைகளின் படிப்பை இடையில் நிறுத்தாதீர்கள். மாணவமணிகளே! ஆறாம் ஆண்டில் பயில்வோர் ஒன்றாம் ஆண்டுத் தம்பி தங்கையருக்கு நாள்தோறும் சிறிது நேரமேனும் படித்துக் காட்டுங்கள். அதற்கு விண்கலம் வேண்டியதில்லை. ஒரு புத்தகமும் வீட்டுத் திண்ணையும் போதும்.

இறுதியாக ஒன்று. முகில் இல்லாத நாளில், பொழுது சாய்ந்த பின்போ விடியலுக்கு முன்போ, சில வேளைகளில் மிகப் பிரகாசமான ஒளிப்புள்ளி ஒன்று கண் சிமிட்டாமல், ஓசையின்றி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வதைக் காணலாம். சில நிமிடங்களில் அது மறைந்துவிடும். அதுவே அனைத்துலக விண்வெளி நிலையம். அதனைக் காணத் தொலைநோக்கி வேண்டியதில்லை, வெறுங்கண்ணே போதும். முன்பெல்லாம் அதே இருட்டில் நம் தாய் தந்தையர் விளக்கேந்தி மரம் வெட்டப் புறப்பட்டனர். இன்று நீங்கள் நிமிர்ந்து வானைப் பாருங்கள். அங்கே செல்வது நட்சத்திரமன்று. மனிதர் வாழும் வீடு. அவ்வீட்டின் கதவை ஒரு நாள் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் கையும் தட்டட்டும்!