ஒரு துடிப்பில் ஒரு சென்டிமீட்டர்

எல்லையோரத் தொழிற்கூடங்கள் – 17

ஓசூர் ஊருக்குப் பல அடையாளங்கள் உண்டு. லாரி, மொபெட், ரோஜாப்பூ. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கைக்கடிகாரம். டிட்கோவும் டாடாவும் 1984-ல் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய டைட்டன், இந்தியர்களை சாவி கொடுக்கும் கடிகாரத்திலிருந்து குவார்ட்ஸுக்கு மாற்றியது இந்த ஊர் ஆலையிலிருந்துதான். குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் சின்னப் படிகத் துண்டு நொடிக்கு 32,768 முறை துடிக்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் ஒன்று மிஞ்சும். நொடி முள் ஒரு தட்டு நகரும்.

அந்த 32,768 துடிப்புகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த இடைவெளியில் துப்பாக்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகும்? ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் போட்டிக்குப் பயன்படும் .22 தோட்டாவின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறும். கணக்குப் போட்டால், ஒரு துடிப்புக்கு ஒரு சென்டிமீட்டர். 2024-ல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற போட்டியில், 50 மீட்டருக்கு அப்பால் இருந்த பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமும் கிட்டத்தட்ட அதே அளவுதான்: 10.4 மில்லிமீட்டர்.

சென்ற வாரம் மைக்ரான் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, சிப்காட்டில் டர்னராக இருக்கும் நண்பர் கேட்டார். “குண்டு வேகமாப் போனா வளையாமப் போகும், காத்தும் தள்ளாது. அப்புறம் ஏன் சார் போட்டிக்காரங்க மெதுவான தோட்டா வாங்குறாங்க?” நியாயமான கேள்வி. கடையில் இரண்டு வகை .22 தோட்டாவும் உண்டு. நொடிக்கு 380 மீட்டர் ஓடுவதும் உண்டு, 320, 330 மட்டுமே ஓடுவதும் உண்டு. விலை கூடியது மெதுவானதுதான்.

காரணம் ஒலி. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டரை ஒட்டி இருக்கும். அந்த வேகத்தை நெருங்கும் பொருளுக்கு முன்னால் காற்று விலகி வழிவிட நேரம் இல்லாமல் குவிகிறது. தடை திடீரென எகிறுகிறது. 380-ல் கிளம்பும் குண்டு, ஒலியைவிட வேகமாகத் தொடங்கி, இலக்குக்குப் போகும் வழியிலேயே அந்த எல்லையைக் கடந்து கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் காற்றழுத்தம் குண்டின்மேல் தாக்கும் இடம் மாறும். சுழன்றுகொண்டிருக்கும் குண்டு தள்ளாடும். 320-ல் கிளம்புவதற்கு அந்தத் தொல்லையே இல்லை. அது கடைசிவரை எல்லைக்கு இந்தப் பக்கமே இருக்கிறது.

இன்னும் விசித்திரமானது குறுக்குக் காற்று. குண்டு எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது என்பதை வைத்து விலகல் அமைவதில்லை. தடையே இல்லாத வெற்றிடத்தில் அதே தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அதைவிட எவ்வளவு தாமதமானது என்பதே கணக்கு. அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும். 380-ல் கிளம்பும் .22 குண்டு சீக்கிரம் போய்ச் சேர்கிறது. ஆனால் வழியில் இழப்பது மிக அதிகம். அதனால் 100 மீட்டரில் அதே காற்று அதை மெதுவான குண்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தள்ளும். நண்பரிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை. தாளில் போட்டுக் காட்டிய பிறகும் அரை மனசாகத்தான் தலையாட்டினார்.

காற்றின் இந்தக் குணத்தை முதலில் அளந்து சொன்ன மனிதர் இறந்தது நம் கடலூரில். பெஞ்சமின் ராபின்ஸ், 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். போரே பாவம் என்னும் மரபில் பிறந்தவர் பீரங்கிக் கணிதத்துக்கு வந்தது தனிக்கதை. 1742-ல் அவர் வெளியிட்ட பீரங்கிக் கலை பற்றிய புதிய கோட்பாடுகள் என்ற நூல், அதுவரை பீரங்கிக்காரர்கள் நம்பியிருந்ததைக் கவிழ்த்தது. கனமான குண்டைக் காற்று என்ன செய்துவிடும் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. கலிலியோ வரைந்த அழகான வளைவில் குண்டு ஏறி இறங்கும் என்றே கணக்குப் போட்டார்கள்.

ராபின்ஸின் கருவி எளிமையானது. மூன்று கால் சட்டத்தில் ஓர் இரும்புத் தகடு தொங்கும். அதன் முகத்தில் தடித்த மரப்பலகை. எல்லாம் சேர்த்து 25 கிலோ இருக்கும். மஸ்கட் துப்பாக்கியின் குண்டை அந்தப் பலகையில் சுட்டுப் பதியவைப்பார். ஊசல் பின்னால் ஆடும். ஊசலின் அடியில் கட்டிய நாடா, ஆட்டத்தின் அளவுக்கு வெளியே இழுபட்டிருக்கும். நாடாவின் நீளத்தை அளந்து, ஊசலின் எடையையும் குண்டின் எடையையும் வைத்துக் கணக்கிட்டால் குண்டு மோதிய வேகம் தெரிந்துவிடும். நொடியில் ஐநூறு மீட்டர் ஓடும் பொருளை, கண் பார்த்து அளக்கக்கூடிய மெதுவான ஆட்டமாக மாற்றிவிட்டார். நொடியின் பின்னத்தை அளக்கக் கடிகாரம் இல்லாத நூற்றாண்டில், நேரத்தை அளக்காமலேயே வேகத்தை அளந்த சாமர்த்தியம் இது. எனக்குத் தெரிந்து அந்த நூற்றாண்டில் செய்யப்பட்ட சோதனைகளில் இதைப்போல் செலவு குறைவாகவும் விளைவு பெரிதாகவும் இருந்தவை சிலவே.

பிறகு ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டார். தூரம் கூடக்கூட வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். காற்றின் தடை குண்டின் எடையைப்போல நூறு மடங்குக்கும் மேல் வந்தது. ஒலியின் வேகத்தை ஒட்டிய இடத்தில் அந்தத் தடை, பழைய விதிப்படி இருக்கவேண்டியதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்காகத் தாவுவதையும் கண்டார். இந்தத் தாவல் ஒலியின் வேகத்தருகே நிகழ்வதைக் குறித்தும் வைத்தார். ஜெட் விமானம் பறக்க இன்னும் 200 வருஷம் இருந்தது. நூலை 1745-லேயே கணித மேதை ஆய்லர் ஜெர்மனில் மொழிபெயர்த்து, தன் விளக்கங்களையும் சேர்த்தார்.

ராபின்ஸ் இன்னொன்றும் செய்தார். ஒரு மஸ்கட் குழலை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். வழியில் வரிசையாக மெல்லிய தாள்திரைகள். இடப்பக்கம் கிளம்பிய குண்டு, திரைகளில் விழுந்த துளைகளைப் பார்த்தால், போகப்போக வலப்பக்கம் திரும்பியிருந்தது. வளைந்த குழலின் ஒரு சுவரில் உரசியதால் குண்டு சுழலத் தொடங்கியது. சுழலும் பந்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளியது. மரை வெட்டாத குழலில் உருண்டைக் குண்டு எந்தப் பக்கம் உரசும், எந்த அச்சில் சுழலும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்து மலைக் கிராமங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அவ்வப்போது அறிவிக்குமே, அவற்றின் குழலும் அப்படிப்பட்டதே. அதில் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பயனில்லை. மரையிட்ட குழலின் மேன்மையை ராபின்ஸ் 1747-ல் ராயல் சொசைட்டியில் விரிவாக விளக்கினார்.

கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்து, கோட்டைகளைச் சீரமைக்க அனுப்பியது. 1750-ல் வந்தார். 1751 ஜூலை 29-ல் தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டையில் இறந்தார். வயது 44. அந்தக் கோட்டையை 1690-ல் கம்பெனி மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கியால் சுட்டுக் குண்டு விழுந்த தூரம்வரை உள்ள ஊர்கள் எல்லாம் கோட்டைக்குச் சேரும் என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அதில் வந்தது என்பார்கள். குண்டு எங்கே விழும் என்று கணக்கிடத் தெரிந்தவர் அறுபது வருஷம் தாமதமாக வந்து சேர்ந்தார்! டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காக ஏர் ரைஃபிள் சுட்ட இளவேனில் வாலறிவன் பிறந்ததும் கடலூரில். அவருடைய பெல்லட் ஒலியின் பாதி வேகத்தில் 10 மீட்டர் போனால் போதும். எல்லைத் தொல்லையே கிடையாது.

ஆயிரம் கஜம், அதாவது 914 மீட்டர், சுடுகிறவர்களின் கணக்கு வேறு. அங்கே ஒலிக்குக் கீழே இருந்து சாதிக்க முடியாது. எல்லைக்கு மேலேயே கடைசிவரை இருக்கவேண்டும். 7.62 மில்லிமீட்டர் ரைஃபிளில் 155 கிரெய்ன், ஏறத்தாழ 10 கிராம், எடையுள்ள கூரிய குண்டை நொடிக்கு 900 மீட்டர் அளவில் அனுப்புவது அதனால்தான். இலக்குத் தாளைத் தொடும்போதும் அது ஒலியை முந்திக்கொண்டிருக்கும். அதே துளையுள்ள ராணுவத் தோட்டா 840-ல் கிளம்பி, ஆயிரம் கஜத்தை எட்டுமுன் தள்ளாடும் பகுதிக்குள் இறங்கிவிடும்.

இங்கே ஊரும் கணக்கில் வருகிறது. ஓசூர் கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே. காற்று கடலூரைவிட ஏறத்தாழ பத்து சதவீதம் லேசு. அதே குண்டு இங்கே வேகத்தை மெதுவாக இழக்கும். சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் காற்றும் கனக்கும், வெயிலும் ஏறும். ஒலியின் வேகமோ உயரத்தைப் பார்ப்பதில்லை, வெப்பத்தை மட்டும் பார்க்கிறது. ஓசூரில் 15 டிகிரி ஜனவரிக் காலையில் 340 மீட்டர். கிருஷ்ணகிரியில் 38 டிகிரி மே மதியத்தில் 354. வெயிலில் வைத்த தோட்டாவின் மருந்தும் சூடேறி வேகமாக எரியும். ஒரு டிகிரிக்கு நொடிக்கு அரை மீட்டர்கூட வேகம் கூடலாம். தோட்டாப் பெட்டியை நிழலில் வைக்கச் சொல்லிப் பயிற்சியாளர்கள் திட்டுவது சும்மா இல்லை.

எந்த வேகம் என்பது முடிவானதும் அடுத்த தலைவலி, ஒவ்வொரு தோட்டாவும் அதே வேகத்தில் போகிறதா என்பது. .22-ல் இரண்டு தோட்டாக்களுக்கு இடையே நொடிக்கு 5 மீட்டர் வித்தியாசம் இருந்தால், 50 மீட்டரில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் மேலே கீழே போகும். பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரமே 5.2 தான். ஆயிரம் கஜத்தில் 3 மீட்டர் வேறுபாடே பத்து சென்டிமீட்டரை ஒட்டி இடம்மாற்றும். இதை அளக்க இரண்டு ஒளித் திரைகளை 60 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, குண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் நேரத்தைக் குவார்ட்ஸ் துடிப்புகளால் எண்ணுவார்கள். கைக்கடிகாரப் படிகத்தைப் போட்டால் 60 துடிப்புதான் கிடைக்கும். ஒரு துடிப்பு தவறினாலே ஐந்தரை மீட்டர் பிழை. தேடுவதே அந்த அளவு வித்தியாசத்தைத்தான். அதனால் நொடிக்குப் பல லட்சம் முறை துடிக்கும் படிகங்கள். இப்போது ரேடாரும் வந்துவிட்டது.

ஆனால் சமமான வேகமும் முழுக்கதை இல்லை. குழல் சுடும்போது அதிர்கிறது. அதன் வாய் நூலிழை அளவு மேலும் கீழும் ஆடுகிறது. வாய் மேலேறும் தருணத்தில் குண்டு வெளியேறும்படி அமைந்தால் வேடிக்கை ஒன்று நடக்கும். மெதுவான குண்டு கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் உயர்ந்த கோணத்தில் கிளம்பும். வேகம் குறைவால் அது தாழவேண்டிய அளவைக் கோணம் ஈடுகட்டிவிடும். நம் காவல்துறையும் என்.சி.சி.யும் தலைமுறைகளாகச் சுமந்த லீ என்ஃபீல்டு .303, கிட்டத்தில் சுமாராகவும் எட்டத்தில் எதிர்பாராத அளவு நெருக்கமாகவும் சுட்டதற்கு இதையே காரணம் சொல்வார்கள். அதன் போல்ட் பின்பக்கத்தில் பூட்டுவதால் ஏற்படும் தனி அதிர்வு அது. வடிவமைத்தவர்கள் திட்டமிட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே பெரிய போட்டிக்காரர்கள் தோட்டா வாங்குவது புடவை எடுப்பதைவிடச் சிக்கலானது. எலி என்ற தோட்டா நிறுவனத்தின் உயர்ரகப் பெட்டிகளில் எந்திர எண், லாட் எண்ணோடு அந்த லாட்டின் வேகத்தையும் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்து மட்டும் யாரும் வாங்குவதில்லை. பர்மிங்ஹாமில் எலிக்கும் ஜெர்மனியில் லாபுவா என்ற இன்னொரு நிறுவனத்துக்கும் சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. ரைஃபிளைக் கொண்டுபோய், குழலை இரும்புப் பிடியில் இறுக்கி, லாட் மாற்றி லாட் சுடுவார்கள். சராசரி வேகம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு லாட்டுகளில் ஒன்று இந்தக் குழலுக்கு ஒற்றைத் துளைபோல் விழும், மற்றொன்று சிதறும். பக்கத்து மேசைக்காரரின் குழலில் அது தலைகீழாகலாம். பொருந்திய லாட் கிடைத்ததும் அதே எண்ணுள்ள பெட்டிகளைச் சீசன் முழுக்கத் தேவையான அளவு மொத்தமாக எடுத்துவிடுவார்கள். தீர்ந்த பிறகு வருவது அதே ஆலை, அதே பெயர், அதே விலை. சோதனை மட்டும் முதலிலிருந்து.