கழன்ற இடுப்பு மூட்டை ஏற்றிவிட்டால் போதுமா?

கோவை சரவணம்பட்டியில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்பவர்கள் இரு வகையாக இருப்பார்கள். சத்தி சாலை ஐ.டி. வளாகங்களில் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரருக்கு, ரத்த ஓட்டம் நின்று தொடை எலும்பின் பந்து செத்துப்போயிருக்கும். கோவில்பாளையம், அன்னூர் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டிக்கு, வழுக்கி விழுந்து அந்தப் பந்தின் கழுத்து ஒடிந்திருக்கும். இருவருக்கும் பெரும்பாலும் ஆபரேஷன் நன்றாகவே முடியும். ஆனால் நூறு பேரில் ஓரிருவருக்கு, சில சமயம் மூவருக்கு, புது மூட்டு கழன்றுவிடுகிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் இது நடக்கும்.

கழன்றதை எப்படித் தெரிந்துகொள்வது?

தாழ்வான சோபாவிலிருந்து எழும்போதோ, குனிந்து செருப்பை மாட்டும்போதோ ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு தாங்க முடியாத வலி. காலை ஊன்ற முடியாது. பின்பக்கமாகக் கழன்றால் கால் குட்டையாகி, பாதம் உள்நோக்கித் திரும்பும். இதுதான் அதிகம். முன்பக்கமாகக் கழன்றால் பாதம் வெளிப்பக்கம் திரும்பும்.

அந்த நேரத்தில் காலை இழுக்கவோ நீவவோ கூடாது. கட்டுப் போடும் வைத்தியரிடமும் போகக் கூடாது. மயக்க மருந்து தர வேண்டியிருக்கும் என்பதால் காபி, தண்ணீர் எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். பாதம் மரத்துப்போனாலோ, மேல்நோக்கித் தூக்க முடியாவிட்டாலோ நரம்பு அழுந்தியிருக்கலாம். அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே எடுத்து, மயக்கம் கொடுத்து, பெரும்பாலும் கத்தி வைக்காமலே மூட்டை ஏற்றிவிடுவார்கள்.

வலி நின்றதும் விஷயம் முடிந்தது என்று வீடு திரும்புகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூட்டு மறுபடியும் கழல்கிறது. ஏற்றிவிடுவது முதலுதவிதான். ஏன் கழன்றது என்று கண்டுபிடிப்பதில்தான் உண்மையான வைத்தியம் இருக்கிறது.

காரணத்துக்கு ஏற்ற வைத்தியம்

இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணம் ஆட்டுக்கல் குழி என்றால், தொடை எலும்பில் பொருத்திய பந்து அதில் சுழலும் குழவி. குழி சாய்ந்திருந்தால் குழவி வெளியே துள்ளும். கிண்ணம் பொருத்திய கோணம் சரிதானா என்று சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். தவறாக இருந்தால் கிண்ணத்தைத் திருப்பிப் பொருத்துவதே தீர்வு. வெறும் பயிற்சியால் அது சரியாகாது.

காலைப் பக்கவாட்டில் தூக்கும் பிட்டத் தசைகள் பிய்ந்திருந்தால், பந்தைக் கிண்ணத்தோடு அணைத்துப் பிடிக்க ஆள் இல்லை. அப்போது தசையைத் தைக்க வேண்டும், அல்லது பக்கத்துத் தசையை இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். பல வருடம் கழித்து முதல்முறையாகக் கழன்றால், கிண்ணத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்திருக்கலாம். அதை மட்டும் மாற்றினால் போதுமானதாக இருக்கலாம். கிருமித் தொற்றும் மூட்டைத் தளர்த்தும் என்பதால் ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மூட்டு நீரை எடுத்துப் பரிசோதிப்பதும் அவசியம்.

பலர் கவனிக்காத காரணம் முதுகுத்தண்டு. நாம் உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து தொடைக்கு வழிவிடும். முதுகில் ஸ்க்ரூ போட்டவர்களுக்கும் தண்டு இறுகிப்போனவர்களுக்கும் அது சாயாது. தொடை கிண்ணத்தின் விளிம்பில் முட்டி, பந்தை வெளியே நெம்பிவிடும்.

பந்தின் அளவும் முக்கியம். 1960களில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி வைத்த பந்து சுமார் 22 மில்லிமீட்டர்தான். இப்போது 32, 36 மில்லிமீட்டர் பந்துகள் வழக்கத்தில் உள்ளன. பந்து பெரிதாக இருந்தால், கிண்ணத்தைத் தாண்ட அது அதிக தூரம் நகர வேண்டும். 1970களில் பிரான்ஸில் ஜில் பூஸ்கே இன்னொரு வழி கண்டார்: சிறு பந்து பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் சுழல, அந்தப் பெரிய பந்து கிண்ணத்துக்குள் சுழலும். ‘டூயல் மொபிலிட்டி’ என்ற இந்த மூட்டு, திரும்பத் திரும்பக் கழலுகிறவர்களுக்கு இன்று பெரிதும் உதவுகிறது. பந்தைப் பூட்டிவைக்கும் கிண்ணமும் உண்டு. ஆனால் கால் அசையும் வீச்சு குறையும். கிண்ணமே எலும்பிலிருந்து தளரும் அபாயமும் உண்டு. அதனால் அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறார்கள்.

வீட்டில்

இடுப்பின் பின்பக்க வழியில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டர் சொல்லும்வரை சம்மணம் போடக் கூடாது. குத்தவைத்து மாட்டில் பால் கறக்கக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட், முழங்காலுக்கு மேல் உயரமான நாற்காலி, கட்டில் வேண்டும். தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை வைக்கலாம். முன்பக்க வழியில் செய்தவர்களுக்கு விதிகள் வேறு. எந்த வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மறு ஆபரேஷனுக்கு முன் டிஸ்சார்ஜ் சம்மரியையும், பழைய எக்ஸ்ரேக்களையும், உள்ளே வைத்த பாகங்களின் கம்பெனி, அளவு அச்சடித்த ஸ்டிக்கர்களையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய கிண்ணத்துக்குப் பொருந்தும் பிளாஸ்டிக்கைத் தேட அந்த ஸ்டிக்கர் வேண்டும். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். டாக்டரிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் வரவேண்டாம்: “என் மூட்டு எதனால் கழன்றது, நீங்கள் செய்யப்போவது அதைச் சரிசெய்யுமா?”