மனைப்பிரிவும் மனையின் அளவும்

பட்டணங்களை அடுத்த கிராமங்களில் நன்செய்யும் தோட்டமும் வீட்டுமனைகளாகப் பிரிக்கப்படுதல் சாதாரணமாகிவிட்டது. இவ்விதப் பிரிவினைக்கான உத்தேசம் ஊராட்சியின் முன் வருங்கால், மனை ஒவ்வொன்றும் எத்தனை சதுர அடி இருத்தல் வேண்டும் என்பதைப் பற்றியே விவாதம் மிகுதியாக எழுகின்றது. விற்பவர் அதிக மனைகளை விரும்புகின்றார். அண்டை நிலத்தார் ஊர் நெருக்கமாகிவிடும் என்று அஞ்சிப் பெரிய மனைகளைக் கோருகின்றனர். சொந்த வீடில்லாத கூலியாட்களோ, மனை சிறிதானாலொழியத் தமக்கு எட்டாது என்கின்றனர். மூன்று கட்சியிலும் நியாயம் உண்டு. ஆயினும் நிலக்கணக்கையும் நீரையும் பாராமல் அளவை மட்டும் வாதிப்பதனால் பயன் யாதுமில்லை.

ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட், அதாவது 43,560 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆகவே ஏக்கருக்குப் பதினெட்டு மனை என்று வாய்க்கணக்குச் சொல்லும் தரகர்கள் பாதையை மறந்துவிடுகின்றனர். 24 அடிப் பாதையின் இருபுறமும் மனைகள் அமையுமானால், ஒவ்வொரு மனையும் தன் முகப்பின் நீளத்திற்கு 12 அடி அகலமுள்ள பாதையைச் சுமக்க வேண்டும். 40 அடி முகப்பும் 60 அடி ஆழமும் உள்ள மனைக்கு இது 480 சதுர அடி; மனையில் ஐந்தில் ஒரு பங்கு. 30க்கு 40 மனைக்கு 360. பத்தில் மூன்று பங்கு. 20க்கு 30 மனைக்கோ 240; பத்தில் நான்கு பங்காகிவிடுகின்றது. ஆதலால் ஒரு கிரவுண்டு மனையிருந்த இடத்தில் 600 சதுர அடி மனைகள் நான்கு கொள்ளா. மூன்றரைக்கும் சற்றுக் குறைவாகவே கொள்ளும். குறுக்குப் பாதைகள் இதில் சேரவில்லை. ஓரளவுக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், பாதை நீங்கலான பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கப்படுவதும் தனி.

இனி நீரின் விஷயம். குழாய் நீரும் சாக்கடையும் இல்லாத கிராமத்தில், குடியேறுகின்றவர் தம் மனைக்குள்ளேயே ஆழ்குழாய்க் கிணற்றையும் கழிவுநீர் உறிஞ்சு குழியையும் அமைத்துக்கொள்கின்றார். இவ்விரண்டிற்கும் இடையே 50 அடியேனும் இருத்தல் நலம். 40க்கு 60 மனையில் மூலைக்கு மூலை 72 அடி இருப்பதால் இது கூடும். 30க்கு 40 மனையில் மூலைக்கு மூலை சரியாக 50 அடியே. சுவரோரம் விட வேண்டிய இடத்தைக் கழித்தால் அதுவும் போதாது. 20க்கு 30 மனையில் 36 அடிதான். அடுத்த மனைக்காரரின் குழி நம் கிணற்றுக்கு இன்னும் சமீபத்தில் அமையக்கூடும். கிணற்று நீரைப் பாய்ச்சும் பக்கத்து விவசாயியும் இதில் சம்பந்தப்பட்டவரே.

இதனால் சிறு மனை தீது என்று முடிவு செய்தல் தவறு. அமெரிக்காவில் டெக்ஸாஸைச் சார்ந்த ஹூஸ்டன் நகரசபை, 1998ஆம் வருஷத்தில், நகரின் உள்வட்டச் சாலைக்குட்பட்ட பகுதியில் 5,000 சதுர அடியாயிருந்த குறைந்தபட்ச மனையளவை, சில நிபந்தனைகளின் பேரில் 1,400 வரையில் இறக்கிற்று. 2013இல் இச்சலுகை நகர் முழுவதற்கும் விஸ்தரிக்கப்பட்டது. பழைய அளவையே விரும்பும் தெருவினர் மனுச் செய்து அதனை நிலைநிறுத்திக்கொள்ளவும் இடம் வைக்கப்பட்டது. சிறு மனையில் அதிகக் குடும்பங்கள் தங்குவதனால் புறத்தேயுள்ள விளைநிலத்தின் மீது நெருக்கடி குறைகின்றது என்பது உண்மையே. ஆனால் அங்கே நீரும் சாக்கடையும் குழாயில் செல்கின்றன. இங்கு அவ்வசதி வருமுன் அவ்வளவை மட்டும் கைக்கொள்வது ஆபத்து.

ஆயக்கட்டுக்குள் அமையும் மனைப்பிரிவில் இவற்றினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கூட்டங்களில் பேசுவார் அரிது. பல கண்ணி வாய்க்கால்கள் பட்டா நிலத்தின் வழியே ஓடுவன, அவற்றுக்குத் தனிச் சர்வே எண் கிடையாது, புலப்படத்திலும் காணப்படமாட்டா. மனைக்காரர் மண் கொட்டி மேடாக்கியவுடன் இவை மறைகின்றன. கடைமடை நிலங்களுக்கு நீர் ஏறுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல் வயலின் நீர் வடிவதுமில்லை. உரிமையுடன் வெளிப்படையாகவும் தடையின்றியும் 20 வருஷம் அனுபவித்த நீர்ப்போக்கிற்கு 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்பளிக்கின்றது. எனினும் வீடுகள் எழுந்தபின் வழக்காடி வாய்க்காலை மீட்பது எளிதன்று.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், அவ்வருஷம் அக்டோபர் 20க்கு முற்பட்ட மனைகளை வரன்முறை செய்ய 2017இல் விதிகள் ஏற்பட்டதும் பலர் அறிந்ததே. நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதியும் உள்ளூர் ஸ்தாபனத்தின் அனுமதியும் பெற்று, பாதைகளைத் தானப் பத்திரத்தின் மூலம் ஒப்படைத்த பின்னரே மனை விற்கத்தக்கது. வாங்குகின்றவர் ‘ஊராட்சி அனுமதி பெற்றது’ என்ற விளம்பரப் பலகையை நம்பிப் பணம் கொடுத்தலாகாது.

வரைபடம் விவாதத்திற்கு வருமுன், வாய்க்காலில் நீர் ஓடும் நாளிலேயே கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் கடைமடை விவசாயிகளுடன் அவ்விடத்தை நடந்து பார்த்தல் வேண்டும். கண்ட ஒவ்வொரு மடையையும் வடிகாலையும் அகலம், ஆழத்துடன் வரைபடத்தில் குறித்து, அவற்றைத் திறந்தே வைப்பதாக விற்பவரிடம் எழுத்து மூலம் பெற்றுக்கொள்ளலாம். பொதுத் திறந்தவெளியை எவருக்கும் உதவாத மூலையில் தள்ளாமல் வாய்க்காலோரமாகவே அமைக்கச் செய்வதும் உசிதம். பொதுக் கிணறும் பொதுக் கழிவுநீர்த் தொட்டியும் விற்பவர் செலவில் அமையுமாயின் 600 சதுர அடி மனைக்கும் இடம் கொடுக்கலாம். அமையாவிடில் ஒரு கிரவுண்டுக்குக் குறைய அனுமதித்தல் தகாது.